ரெண்டு விரல் எறக்கம்

அதைத்தான் சார் நானும் கேக்குறேன். ஸ்பிரிங்கை மாத்தினா கூடவே ஷாக் அப்சார்பரையும் மாத்தணும்னு மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே. கேட்டா, சொன்னேங்கிறார். அதோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு வண்டிக்கு அடியில நிக்கிறாரே மெக்கானிக், அவர்தான். நான்தான் காதுல வாங்கிக்கலையாம். அவர் தலைக்கு மேல, நாலு சக்கரத்தையும் கழட்டிப் போட்டு அந்தரத்துல தொங்குதே சாம்பல் கலர் வண்டி, அது என்னுது. இது மூணாவது தடவையாத் தொங்குது. ரோட்டுல ஓடினதைவிட அங்க தொங்கினதுதான் ஜாஸ்தி.

நீங்க உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் மடங்கும். இப்படி இந்தப் பக்கம் வாங்க... நீங்களும் வண்டியோட ஒசரத்தை எறக்கத்தானே வந்திருக்கீங்க? கையில அந்தப் படம் போட்ட புக்கைப் பாத்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன். நடுப்பக்கத்துல செகப்பா ஒரு ஸ்பிரிங் இருக்கும் பாருங்க. ஆங், அதேதான். அதைப் பாத்துத்தான் நானும் விழுந்தேன். பாக்க அழகா இருக்கும். வண்டிக்கு அடியில போனப்புறம் அந்தச் செகப்பை யார் பாக்கப் போறா? மெக்கானிக் பாப்பார். அவரும் டார்ச் அடிச்சாத்தான்.

உங்களுக்கு என்ன, அழகுக்கா? பரவால்ல, சொல்ல வேணாம். எனக்கு அழகுக்கு இல்ல சார். அதை மொதல்லயே சொல்லிடுறேன். என் வீட்டுக்காரி ஊர் பூரா வேற மாதிரி சொல்லி வெச்சிருக்கா. நான் எறக்கினது எங்கப்பாவுக்காக.

அப்பா தையல்காரர். இப்ப இல்ல, இப்ப சும்மாதான் இருக்கார். அந்தக் காலத்துல அவரும் ஒரு கூட்டாளியும் சேந்து கடை வெச்சிருந்தாங்க. ஒரே மேசை. எதிரும் புதிருமா நின்னு துணி வெட்டுவாங்க. அந்தக் கூட்டாளியை நாங்க மாமான்னுதான் கூப்பிடுவோம், சொந்தமெல்லாம் இல்ல. ரெண்டு பேரும் நல்ல வார்த்தை பேசி நான் பாத்ததே கிடையாது. "நீ வெட்டின காலர் கோணல்." "உன் கண்ணு கோணல்." இப்படியே ஆயுசு ஓடிப்போச்சு. கடையை மூடினப்புறமும் விடல. வாராவாரம் வியாழக்கிழமை அப்பா கெளம்பி மாமா வீட்டுக்குப் போயிடுவார். டவுனுக்கு அந்தக் கோடியில வீடு. சாயங்காலம் வரைக்கும் சண்டை போட்டுட்டு சந்தோஷமா வருவார்.

போன வருஷம் மாமாவுக்கு ஒரு பக்கம் வராமப் போச்சு. வலது கை, வலது காலு. பேச்சும் குழறிப்போச்சு. என்னமோ சொல்ல வருவார், வேற என்னமோ வரும், அவருக்கே கோவம் வந்து மூஞ்சியைச் சொவத்துப் பக்கம் திருப்பிக்குவார். அப்பா விடாம போவார். இவர் பேசுவார், அவர் சொவத்தைப் பாப்பார். அது ஒரு கஷ்டம்னா, அடுத்த மாசமே எங்கப்பா குளியலறையில வழுக்கி விழுந்து இடுப்பை ஒடைச்சுக்கிட்டார். ஆபரேஷன். இடுப்பு மூட்டையே மாத்திட்டாங்க.

ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சதும் மொதல்ல என்ன கேட்டார்ங்கிறீங்க? "வியாழக்கிழமை போயிடுச்சா?" அதான் கேட்டார். டாக்டர், நர்ஸு, நான், என் வீட்டுக்காரி இவ, எல்லாரும் சுத்தி நிக்கிறோம். ஒருத்தரையும் கேக்கல.

சரி, விஷயத்துக்கு வர்றேன். டிஸ்சார்ஜ் அன்னிக்கு என் வண்டியை வாசல்ல கொண்டுபோய் நிறுத்தினேன். உங்களுக்கே தெரியும், இந்த மாடல் கொஞ்சம் ஒசரம். வாங்கும்போது ஒசரத்துக்காகத்தான் வாங்கினேன். மேல உக்காந்து ஓட்டினா மத்தவன் வண்டிக் கூரையெல்லாம் தெரியும், அது ஒரு தனி சொகம். ஆனா எங்கப்பா ஆள் குள்ளம். ஊனுகோலை வெச்சுக்கிட்டு, ஒரு காலைத் தூக்குறார், எட்டல. திரும்பி உக்காந்து பாக்குறார், எட்டல. நான் ஒரு பக்கம் புடிச்சு, இவ ஒரு பக்கம் புடிச்சு, "அம்மா"ங்கிறார் வலியில. அந்த நேரம் பாத்து என் மச்சினன் வந்தான். என் வீட்டுக்காரியோட தம்பி. ஜிம்முக்குப் போற ஒடம்பு. ஒரு வார்த்தை கேக்கல சார், எங்கப்பாவை அப்படியே கொழந்தையைத் தூக்குற மாதிரி ரெண்டு கையிலயும் அள்ளி, சீட்டுல வெச்சு, பெல்டையும் போட்டுட்டான். எங்கப்பா மூஞ்சியைப் பாக்கணுமே. ஆம்பளைக்கு எழுபத்தஞ்சு வயசுக்கு மேல அப்படி ஒரு நெலமை வரக்கூடாது.

மச்சினன் கையைத் தட்டிக்கிட்டே சொல்றான், "அத்தான், பேசாம காரைக் கொஞ்சம் எறக்கிடுங்க." அவன் வண்டி எறக்கின வண்டி. நாலு வருஷமா அதை வெச்சுக்கிட்டு எங்க தெருவுல ஊந்துக்கிட்டு வருவான், பூனை இரையைப் பாத்துப் பம்மிக்கிட்டு வர்ற மாதிரி. எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. எனக்கு அதுல ஒண்ணும் இல்ல. பொறாமைன்னு இவ சொல்றா. எனக்கு என்ன சார் பொறாமை, என் வண்டிக்கு அவன் வண்டியைவிட இஞ்சின் பெருசு.

அன்னிக்கே இவ ஒரு யோசனை சொன்னா, "ஒரு சின்ன ஸ்டூல் வாங்கி டிக்கில போட்டு வெச்சுக்கலாங்க. அதுல கால வெச்சு ஏறட்டும்"னு. நான் கேக்குறேன், நல்லாவா இருக்கும்? போற எடத்துல எல்லாம் எறங்கி, டிக்கியத் தொறந்து, முக்காலியைத் தூக்கிக்கிட்டு ஓடணும். பாக்குறவன் என்ன நெனைப்பான், கூரையில பல்பு மாட்ட வந்தவன்னு நெனைப்பான். எங்கப்பா மரியாதையா ஏறி எறங்கணும் சார். அதுக்கு வண்டிதான் பணியணும். இதான் என் கட்சி.

அதுவும் ஸ்பிரிங்னா எனக்கு யாரும் சொல்லித்தர வேணாம். எனக்கு வேலை மெத்தைக் கடையில. விக்கிறது நான்தான். வர்றவங்க எல்லாரும் கேக்குறது ரெண்டே ரெண்டுதான், "அமுங்கணும், ஆனா குழியக் கூடாது." உள்ளங்கைய வெச்சு ஒரு அமுக்கு அமுக்கினா போதும், உள்ள என்ன ஸ்பிரிங், எத்தனை வருஷம் தாங்கும், படுக்கிறவனுக்கு முதுகு வலிக்குமா வலிக்காதா, சொல்லிடுவேன். அந்த தைரியத்துலதான் இங்க வந்தேன். இதே கவுன்ட்டர்ல அந்தச் செகப்பு ஸ்பிரிங்கை எடுத்து வெச்சாங்க. நான் உள்ளங்கைய வெச்சு அமுக்கினேன். அசையல. ஒடம்பு வெயிட்டைப் போட்டு அமுக்கினேன். அசையல. "நல்ல சரக்கு"ன்னேன்.

மெக்கானிக் என்னை ஒரு மாதிரி பாத்தார். "சார், இது மெத்தை இல்ல"ன்னார். அப்பதான் அந்த ஷாக் விஷயத்தையும் சொன்னாராம். வண்டி எறங்கிட்டா ஸ்பிரிங் அமுங்கி எழுந்திரிக்க எடம் கொறஞ்சு போயிடுமாம், அதனால ஸ்பிரிங் இறுக்கமா இருக்குமாம், அந்த இறுக்கத்தைப் புடிச்சு நிறுத்த பழைய ஷாக்கால முடியாதாம், ரெண்டும் ஜோடியா இருக்கணுமாம். சொல்லியிருக்கலாம். நான் அந்த நேரம் செகப்பா நீலமான்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன். ரெண்டு விரல் எறங்கினா போதும், ஸ்பிரிங்கை மட்டும் மாத்துங்க, ஷாக் நல்லாத்தானே இருக்குன்னு சொல்லிட்டேன்.

எறங்குச்சு. ரெண்டு விரல்னு சொன்னாங்க, நானே வெச்சுப் பாத்தேன், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல முன்ன இருந்ததைவிட சரியா ரெண்டு விரல் கம்மி. வண்டிக்கு ஒரு கம்பீரம் வந்துச்சு, அதை நான் மறுக்கல. வீட்டுக்குப் போற வழியில துணிக்கடைக் கண்ணாடியில தெரிஞ்சுது. மறுபடி ஒரு சுத்து சுத்தி வந்து பாத்தேன். அப்பாவுக்கு ஏற வசதியா இருக்குமான்னு பாத்தேன்.

அடுத்த வியாழக்கிழமை அப்பாவை ஏத்தினேன். ஏறிட்டார் சார், அதைச் சொல்லணும். அதே மாதிரி திரும்பி உக்காந்தார், பொத்துனு உள்ள விழுந்தார். விழுந்தார்னா, சீட்டு அவர் நெனைச்ச எடத்துல இல்ல, கொஞ்சம் கீழ இருந்துச்சு. சரி, பழகிடும்னேன். வண்டியை எடுத்தேன். ஒரு சின்னக் குழி. வண்டி குழியில எறங்குச்சு, ஏறுச்சு, மறுபடி எறங்குச்சு, ஏறுச்சு... குழி எப்பவோ போயிடுச்சு சார், அடுத்த சிக்னலே வந்துடுச்சு, நாங்க இன்னும் அந்தக் குழிக்குத் தலையாட்டிக்கிட்டே இருக்கோம். பக்கத்து வண்டிக்காரன் எங்க மூணு பேரையும் பாத்து, யாரோ தெரிஞ்சவங்கன்னு நெனச்சு, திருப்பித் தலையாட்டுறான். பின் சீட்டுல இவ, "ரேடியோல பாட்டு போடுங்க, அதுக்குத்தான் ஆடுறோம்னு நெனச்சுக்கட்டும்"ங்கிறா. எங்கப்பா பல்செட்டைக் கழட்டிப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டார்.

மாமா வீட்டு வாசல்ல நிறுத்தினேன். இப்ப எறங்கணும். எந்திரிக்க முடியல. சீட்டு கீழ இருக்கு, முட்டி மேல இருக்கு, இடுப்பு நடுவுல மாட்டிக்கிச்சு. கையைக் குடுத்து இழுத்தா வலிக்குதுங்கிறார். கடைசில அந்த வீட்டு அத்தை வந்து, மாமாவோட சம்சாரம், அவங்களும் ஒரு கையைப் புடிச்சு, மூணு பேரா சேந்து இழுத்து எடுத்தோம். அப்பதான் இவ வாயைத் தொறக்குறா. "ஆஸ்பத்திரில பயிற்சி குடுத்த பொண்ணு தலைதலையா அடிச்சுக்கிட்டுச் சொல்லுச்சு, ஆறு மாசத்துக்குத் தாழ்வான சீட்டுல உக்கார வைக்காதீங்க, இடுப்பு எப்பவும் முட்டிக்கு மேலதான் இருக்கணும்னு. நீங்களும்தானே பக்கத்துல நின்னீங்க." நின்னேன். இல்லைங்கல. போன்ல ஸ்பிரிங் பாத்துக்கிட்டு நின்னேன். யாருக்காகப் பாத்தேன்?

இருங்க இருங்க, தண்ணி குடிக்கணும்னா அந்த மெஷின்ல சுடுதண்ணிதான் வரும், பச்சை பட்டனை அமுக்கினாலும் சுடுதண்ணிதான். உக்காருங்க.

இந்த எடத்துல புத்தி உள்ளவன் என்ன பண்ணுவான், பழைய ஸ்பிரிங்கைத் திருப்பி மாட்டிடுவான். இவ அதான் சொன்னா. மச்சினனும் அதான் சொன்னான், அதான் எனக்குப் பிடிக்கல. "உங்களுக்கு செட் ஆகலைன்னா விட்டுடுங்க அத்தான்"ங்கிறான். அவன் வண்டி மட்டும் செட் ஆகும், என் வண்டி ஆகாதாமே. நேரா இங்க வந்தேன். மெக்கானிக் சொன்னார், "ஒசரம் வேணும்னா ஏத்தவும் எறக்கவும் ஒரு செட் இருக்கு சார். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒண்ணா வரும். மரையைத் திருகினா ஒசரம் மாறும், மேல ஒரு குமிழ் இருக்கும், அதை ஒரு பக்கம் திருப்பினா மெத்துனு ஆகும், மறுபக்கம் திருப்பினா இறுக்கமாகும். பழைய ஒசரத்துக்கே வெச்சுக்கலாம், ஆட்டமும் நின்னுடும்." எவ்வளவு நல்ல விஷயம் பாருங்க. ஏறும்போது கீழ, உக்காந்தப்புறம் மேல. அப்படித்தான் நான் புரிஞ்சுக்கிட்டேன். ஒவ்வொரு தடவையும் சக்கரத்தைக் கழட்டி, ஜாக்கி வெச்சு, ஸ்பேனர் போட்டுத் திருகணும்ங்கிறது மாட்டினப்புறம்தான் தெரிஞ்சுது.

மாட்டினாங்க. ஒசரம் எவ்வளவு வைக்கணும்னு கேட்டாங்க. ஏத்தி வெச்சா எதுக்கு சார் அந்த செட்? நாலு விரல் எறக்குன்னு சொல்லிட்டேன். குமிழை மட்டும் மெத்துனு ஆகுற பக்கம் கடைசி வரைக்கும் திருப்பச் சொன்னேன், அப்பா வசதிக்காக. "அந்த ஒசரத்துல அவ்வளவு மெத்துனு வெச்சா அடியில முட்டும் சார்"னார் மெக்கானிக். முட்டினா இறுக்கமா வைங்கன்னேன். வெச்சார்.

இறுக்கம்னா எப்படிப்பட்ட இறுக்கம்ங்கிறீங்க. ரோட்டுல கெடக்குற தீக்குச்சி மேல ஏறினா, அது பட்ட குச்சியா படாத குச்சியான்னு முதுகெலும்பு சொல்லும். எங்கப்பாவுக்கு ரெண்டு தலகாணி கீழ, ஒரு தலகாணி முதுகுக்கு. எங்க கடையில இருக்கிறதுலயே ஒசத்தி, நானே கொண்டுவந்தேன். தலகாணி போட்டதும் ஒசரம் சரியாயிடுச்சு பாத்தீங்களா, இடுப்பு முட்டிக்கு மேல வந்துடுச்சு. இவகிட்ட காட்டினேன். "அப்ப பழைய ஒசரத்துலயே இருந்திருக்கலாமே"ங்கிறா. இவளுக்கு ஒரு விஷயத்தை முழுசாப் பாக்கத் தெரியாது.

அந்த வியாழக்கிழமைதான் சார் மறக்க முடியாது. போற வழியில ஒரு பள்ளிக்கூடம். வாசல்ல வேகத்தடை போட்டிருக்காங்க, போட்டவன் வீட்டைக் கட்டிப் பழகினவன் போல இருக்கு, அவ்வளவு ஒசரம். முன் சக்கரம் ஏறி எறங்கிடுச்சு. அப்புறம் கரகரன்னு ஒரு சத்தம். வண்டி நின்னுடுச்சு. முன்னாலயும் போகல, பின்னாலயும் போகல. வயிறு தட்டி உக்காந்துடுச்சு. பள்ளிக்கூடம் விடுற நேரம். அத்தனை பிள்ளைகளும், கூட்டிட்டுப் போக வந்த அப்பா அம்மாவும். வாட்ச்மேன் ஓடி வந்து, குனிஞ்சு பாத்துட்டு, "வெயிட்டைக் கொறைங்க சார், எறங்குங்க"ங்கிறான். நான் எறங்கினேன். இவ எறங்கினா. வண்டி அசையல. "அவரையும் எறக்குங்க"ங்கிறான். அவரை எப்படி எறக்குறது? அவரை எறக்கத்தான் ரெண்டு மாசமா நான் பாடுபடுறேன்.

கடைசில என்ன ஆச்சு, வாட்ச்மேன், ரெண்டு வாத்தியார், ஐஸ் விக்கிறவர், நான், எல்லாரும் சேந்து பின்னால தூக்கித் தள்ளுறோம். இவ ஸ்டியரிங்ல. எங்கப்பா மூணு தலகாணிக்கு நடுவுல ராஜா மாதிரி உக்காந்துக்கிட்டு, ஜன்னலை எறக்கி, "இன்னும் கொஞ்சம்... அப்படித்தான்... இடது பக்கம் நல்லாத் தூக்குங்க"ன்னு சொல்லிக்கிட்டு வர்றார். மூஞ்சியில ஒரு களை. ஆபரேஷனுக்கு அப்புறம் அவர் மூஞ்சியில நான் பாக்காத களை. அப்ப எனக்கு அது வெளங்கல. என் மானம் போயிட்டிருந்துச்சு, அதைத்தான் நான் பாத்துக்கிட்டிருந்தேன்.

அதுக்கு அடுத்த வாரம் நான் கெளம்பலாம்பான்னு கூப்பிட்டேன். "நீ கடைக்குப் போ, நான் பாத்துக்குறேன்"னார். சரி, போகலைபோலன்னு விட்டுட்டேன். அதுக்கு அடுத்த வாரமும் அப்படியே. இவகிட்ட சொன்னேன், "பாவம், அப்பா மனசு விட்டுட்டார், மாமாவைப் பாக்கப் போறதையே நிறுத்திட்டார்." இவ சட்டையை மடிச்சுக்கிட்டே சொல்றா, "யார் சொன்னா? ஒரு வாரம்கூட விடல. பஸ்ல போறார்."

எனக்கு எப்படி இருக்கும்? பெத்த புள்ள இருக்கேன், வண்டி இருக்கு. அந்த வண்டிக்கு நான் பாத்த பாடு என்ன. இடுப்பு ஒடைஞ்ச மனுஷன் பஸ்ல போறார்னா பாக்குறவன் என்னைத்தானே கேப்பான். போன வியாழக்கிழமை கடைக்கு லீவ் போட்டுட்டு, பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல வண்டியை நிறுத்திக்கிட்டு உக்காந்தேன். வண்டி தாழ்வா இருக்கிறதுக்கு ஒரு சௌகரியம், ஒளிஞ்சு பாக்கலாம்.

அப்பா ஊனுகோலோட மெதுவா வந்தார். சலவைச் சட்டை, தலையெல்லாம் படிய வாரியிருக்கார். பஸ் வந்துச்சு. எப்படி ஏறப் போறார்னு எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. கதவைத் தொறந்து பாதி எறங்கிட்டேன். அப்ப உஸ்ஸுனு ஒரு சத்தம் சார். பஸ்ஸு அப்படியே நடைபாதைப் பக்கமா சாஞ்சு எறங்குது. படி வந்து நடைபாதையோட ஒட்டிக்கிச்சு. எங்கப்பா வீட்டுக்குள்ள போற மாதிரி காலை எடுத்து வெச்சு உள்ள போனார். டிரைவர் திரும்பிப் பாக்குறார், இவர் ஒசரமான சீட்டாப் பாத்து உக்காந்ததும் மறுபடி ஒரு உஸ்ஸு, பஸ் நிமிந்துக்கிச்சு. நான் பாத்துக்கிட்டே நிக்கிறேன். ஏறும்போது கீழ, உக்காந்தப்புறம் மேல. நான் கேட்டதே அதுதானே சார். இந்த மெக்கானிக்கிட்ட கேட்டேன். "அதுக்கு ஸ்பிரிங் இல்ல சார், காத்துப் பை"ன்னார். அதை என் வண்டிக்கு மாட்ட முடியுமான்னேன். காபி குடிக்கப் போயிட்டார்.

பஸ் பின்னாலயே போனேன். பஸ்ஸு அந்தப் பள்ளிக்கூடத்து வேகத்தடை மேல தண்ணில போற மாதிரி போகுது. நான் வண்டியைக் குறுக்க ஒடிச்சு, நத்தை மாதிரி ஒவ்வொரு சக்கரமா ஏத்தி எறக்குறேன். வாட்ச்மேன் என்னைப் பாத்ததும் சட்டைக் கையை மடிச்சுவிட ஆரம்பிச்சுட்டான். பஸ்ல கடைசி ஜன்னல். எங்கப்பா திரும்பிப் பாத்தார். என்னைப் பாத்துட்டார். கையைத் தூக்கி ஆட்டினார்.

மாமா வீட்டு ஸ்டாப்புல எறங்கி, எனக்காக நின்னுக்கிட்டிருந்தார். நான் முதுகைப் புடிச்சுக்கிட்டு வண்டியிலருந்து எந்திரிச்சு வர்றேன். "ஏம்ப்பா இவ்வளவு கஷ்டப்படுற? நீயும் பஸ்லயே வந்திருக்கலாமே"ங்கிறார். கிண்டல் இல்ல சார். நெஜமாவே வருத்தமாக் கேக்குறார்.

அன்னிக்குத்தான் ரொம்ப நாளைக்கப்புறம் நான் மாமா வீட்டுக்குள்ள போனேன். எப்பவும் வாசல்ல எறக்கிட்டு, இல்லன்னா இழுத்துப் போட்டுட்டு, கெளம்பிடுவேன். உள்ள அதே கட்டில், ஜன்னல் பக்கம். மாமா சொவத்தைப் பாத்துப் படுத்திருப்பார்னு நெனைச்சுப் போறேன், அவர் சாஞ்சு உக்காந்து வாசலைப் பாத்துக்கிட்டிருக்கார். அப்பாவைப் பாத்ததும் நல்லா இருக்கிற இடது கையைத் தூக்குறார். ரெண்டு விரலைக் காட்டுறார். அப்புறம் நாலு விரல். அப்புறம் புருவத்தைத் தூக்கி, கையை விரிக்கிறார். எனக்கு ஒண்ணும் புரியல. வைத்தியத்துக்கு ஏதோ கேக்குறார்னு நெனைச்சேன்.

அந்த அத்தைதான் வாயைப் பொத்திக்கிட்டுச் சொன்னாங்க. "இந்த வாரம் எத்தனை விரல்னு கேக்குறாருப்பா."

என் வண்டியைக் கேக்குறார் சார். எங்கப்பா இத்தனை வாரமா அங்க போய் இதைத்தான் சொல்லிக்கிட்டிருந்திருக்கார். தலையாட்டினது, பல்செட்டைக் கழட்டினது, மெத்தைக்காரன் ஸ்பிரிங்கை அமுக்கிப் பாத்தது, ஒண்ணு விடல. என் எதிர்லயே மறுபடி ஆரம்பிச்சார். மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்தார், அதான் என் வண்டி. போர்வையை மடிச்சு ஒரு மேடு கட்டினார், அதான் வேகத்தடை. ரெண்டு விரலால தள்ளிட்டு வந்து மேட்டு மேல ஏத்தி, "கரகர"ன்னார். நிறுத்திட்டார். மாமாவைப் பாக்குறார். மாமா ஒடம்பு குலுங்குது. ஒரு பக்க வாய்தான் மேல போகுது, கண்ணுலருந்து தண்ணியா ஊத்துது, சத்தம் வருது. சிரிப்புச் சத்தம். "இ... இடது பக்கம்"ங்கிறார் சார். குழறல்தான், ஆனா வார்த்தை. "இடது பக்கம் தூக்கு"ங்கிறார். கதையில அடுத்து வர வேண்டியதை அவரே எடுத்துக் குடுக்குறார்.

அத்தை சமையல்கட்டுக் கதவுகிட்ட என்னைக் கூப்பிட்டுச் சொன்னாங்க, "பேச்சு வர வைக்க ஒரு பொண்ணு வருது, அது சொல்றதுக்கு ஒரு எழுத்து வாயில வராது. உங்கப்பா காரை எடுத்ததும் வந்துடுது. வியாழக்கிழமை வந்தா காலைலயே சவரம் பண்ணிவிடச் சொல்றார்"னு. சந்தோஷம்தான் அத்தைன்னேன். சந்தோஷம்தான். ஆனா என் கண்ணு முன்னாலயே மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் தள்ளும்போது எனக்கு எப்படி இருந்திருக்கும், அதையும் யோசிக்கணும்ல?

திரும்பும்போது, "வாங்கப்பா, வண்டியில போயிடலாம்"னேன். "நான் பஸ்ல வந்துடுறேன். நீ பின்னாலயே வா, எனக்கும் துணையா இருக்கும்"னுட்டார்.

வீட்டுல இவ முடிவா சொல்லிட்டா, நாலையும் கழட்டு, கம்பெனியில வந்த பழைய ஸ்பிரிங், பழைய ஷாக், அதை மாட்டு, ஒரு ஸ்டூலை வாங்கு, அத்தோட முடிஞ்சுது. நானும் சரின்னுட்டேன். எனக்கும் முதுகு வலி சார், இந்த நாலு விரல் எறக்கத்துல. எங்க கடை மெத்தையில படுத்தும் போகல. அதான் வந்தேன். அங்க பாருங்க, சொவத்தோரமா அட்டைப் பெட்டியில, துருப்புடிச்ச மாதிரி இருக்கே, அதுதான் என் பழைய ஸ்பிரிங். ஒண்ணும் கெட்டுப்போகல.

ஆனா காலைல கெளம்பும்போது எங்கப்பா சவரம் பண்ணிக்கிட்டிருந்தார். கண்ணாடியில என்னைப் பாத்துக்கிட்டே கேட்டார், "எல்லாத்தையும் இன்னிக்கே சரி பண்ணிடப் போறியா?" ஆமான்னேன். கத்தியைக் கழுவினார். தாடையைத் தடவிப் பாத்தார். "சரி பண்ணு. வண்டின்னா நல்லாத்தான் இருக்கணும்"னார். அப்புறம் சோப்பு நொரையைத் தொடச்சுக்கிட்டே, "வர்ற வியாழக்கிழமை அவன் கேப்பான்"னார். மாமாவைத்தான் சொல்றார்.

என்ன சார் நியாயம் இது. ஒரு மனுஷன் முதுகு ஒடிய வண்டி ஓட்டணும், ஊர் சிரிக்கணும், எதுக்கு? நீங்களே சொல்லுங்க... என்ன, கெளம்பிட்டீங்களா? ஸ்பிரிங் பாக்கலையா? புக்கை வெச்சுட்டுப் போறீங்க. இல்ல இல்ல, நான் எதுவும் தடுக்கல. உங்க வண்டி சின்ன வண்டிதானே, ஒரு விரல் எறக்கினா தப்பில்ல, ஷாக்கை மட்டும் சேத்து... சரி, பாத்துப் போங்க. கதவைத் தள்ளாதீங்க, இழுக்கணும்.

போயிட்டார். நல்ல மனுஷன், அதிகம் பேசமாட்டார்போல.

என்னங்க மெக்கானிக், எங்கிட்டயா? ஆங், சொல்லுங்க. பழசை எடுத்து வெச்சாச்சா. நாலு சக்கரத்துக்கும் மாட்டிடவான்னா... அது வந்து, நான் என்ன நெனைக்கிறேன்னா, முன்னால ரெண்டை மட்டும் மாத்துங்க. பின்னால அப்படியே இருக்கட்டும். தெரியுது, தெரியுது, மூஞ்சி மேல தூக்கிக்கிட்டு, பின்னால உக்காந்த மாதிரி, தவளை கணக்கா நிக்கும்ங்கிறீங்க. நிக்கட்டும். பின்னாலதை அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வந்து மாத்திக்கிறேன். ஓட்ட முடியுமா முடியாதா, அதை மட்டும் சொல்லுங்க.

மெதுவாப் போனா முடியும்ங்கிறீங்க. போதும். மாட்டுங்க.